அழைத்துக் கொல்லும் குரல்



அருகப் பெருமானின் திருவடித் தாமரைகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, இவ்விதழில் ஒரு மடலை முன்வைத்துச் சிந்திக்க விழைகின்றோம்.

ஆஸ்திரேலிய நாட்டில் பணிபுரியும் நம் சமுதாய இளைஞர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்தவர். கதிரவன் மறையுமுன் உணவு முடிக்கும் இல்லத்தில் வளர்ந்தவர். உடன் பணியாற்றும் நண்பரின் அழைப்பை ஏற்று, ஆட்டுப் பண்ணை ஒன்றுக்கு விடுமுறை நாளில் சென்றாராம். மாலையில் நரி வேட்டைக்குப் புறப்பட்டனர். துப்பாக்கியைத் தொட இவர் மறுத்துவிட்டார். 'அப்படியாயின் இதையாவது ஊது' என்று சிறு தகர ஊதல் ஒன்றைக் கையில் கொடுத்தனர். விளையாட்டாக ஊதினார். சற்று நேரத்தில் விளக்கொளியில் இரு கண்கள் ஒளிர்ந்தன. நண்பர் சுட்டார். அருகே சென்று பார்த்தபோது, அது குட்டிகளுக்குப் பாலூட்டிக் கொண்டிருந்த பெண் நரி என்பது தெரிந்தது. அது செப்டம்பர் மாதம். ஊரில் அவருடைய அன்னையார் தசலட்சண நோன்பு நோற்றிருந்த நாட்கள். 'நான் கொல்லவில்லை; ஊதினேன், அவ்வளவே. ஆயினும் உறக்கம் வரவில்லை. பாவம் எனக்கு உண்டா?' என்று கேட்கின்றார்.

இவ்வினா அவர் ஒருவருடையதன்று. தாமே கொல்லாமல், கொல்வார்க்கு ஏதோ ஒருவகையில் துணைநின்று, 'நமக்கு இதில் என்ன?' என்று இருந்துவிடும் நம் எல்லோருடையதும் ஆகும். ஆகவே விரிவாகவே எண்ணிப் பார்ப்போம்.

ஊதலின் இயல்பு

மெல்லிய தகரத் தகட்டை இரண்டாக மடித்து, நடுவில் துளையிட்டு, இதழ்களுக்கும் பற்களுக்கும் இடையில் பொருத்திக்கொள்வர். மூச்சின் போக்கையும் நாவின் அசைவையும் மாற்றினால், அடிபட்ட முயல் உயிர் துடித்து அலறும் குரல் அதிலிருந்து எழும். வேடன் காற்றின் போக்கறிந்து, தன் மணம் நரிக்கு எட்டாத பக்கத்தில் நிழலில் அசையாது அமர்வான். நரியின் செவி மிகக் கூரியது. புல்லுக்கடியில் எலி கீச்சிடுவதையும் கேட்டு இடமறிய வல்லது. பசித்த நரி அக்குரலை நம்பி வருகின்றது. இக்காலத்தில் பதிவு செய்த விலங்குக் குரல்களைத் தொலைவிலிருந்தே இயக்கி ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. கருவி எதுவாயினும் தந்திரம் ஒன்றே: ஓர் உயிரின் வேதனைக் குரலைப் போலியாக எழுப்பி மற்றோர் உயிரை அழைத்துக் கொல்லுதல்.

இத்தந்திரம் நம் முன்னோர் அறியாததன்று. இசைக்கு மயங்கும் அசுணத்தை யாழொலியால் வரவழைத்துப் பின் பறையொலியால் கொல்வர் என்னும் செய்தியைப் பழந்தமிழ் நூல்கள் வழியாக நாம் அறிவோம். தொடுவுணர்வால் யானையும், சுவையால் மீனும், மணத்தால் வண்டும், ஒளியால் விட்டிலும், ஓசையால் மானும் அழிகின்றன என ஐம்புலன்களின் தீங்கை நம் சான்றோர் காட்டினர். ஒரு புலனுக்கே இவ்வழிவு எனில், ஐந்தையும் கட்டவிழ்த்து வாழும் மானிடன் நிலை என்ன என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்வியில் மறைந்துள்ள மற்றொன்றையும் நாம் கேட்கவேண்டும். மான் அழிவது தன் புலன் மயக்கத்தால். மானை மயக்குகின்றவன் அழிவது எதனால்?

வேட்டை வளர்த்த வேட்டை

அந்நாட்டு மக்கள் கூறும் நியாயத்தையும் நடுவுநிலையோடு நோக்குவோம். செந்நரி அந்நாட்டுக்கு உரியதன்று. ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கின்றது, அந்நாட்டுக்கே உரிய சிறு விலங்குகளையும் தரையில் கூடுகட்டும் பறவைகளையும் பெரிதும் அழிக்கின்றது. ஆகவே அதனைக் கொல்லுதல் அங்கே சட்டத்துக்கு மாறானதன்று. இவை மெய்யே.

ஆனால் அந்நரி அங்கு எப்படி வந்தது? குதிரை மீதேறி நாய்களை ஏவி நரியைத் துரத்தும் இங்கிலாந்து நாட்டுப் பொழுதுபோக்கைப் புதிய மண்ணிலும் நடத்த விரும்பிய குடியேறிகளே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். முயலும் அவ்வாறே. 1859-ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார் சுட்டு விளையாடுவதற்காகவே விக்டோரியா மாநிலத்துத் தம் பண்ணையில் முயல்களை விடுவித்தார். முயல்கள் பல்கிப் பெருகின. அவற்றை உண்டு நரியும் பெருகி, அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிற்று. இன்று முயலின் அலறலைத் தகரத்தில் எழுப்பி நரியை அழைக்கின்றனர். எந்த இங்கிலாந்திலிருந்து அப்பொழுதுபோக்கு சென்றதோ, அங்கேயே நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்து, 2005 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பார்த்தீர்களா, வினையின் போக்கை! வேட்டை என்னும் வியசனம் முயலைக் கொணர்ந்தது. அதே வியசனம் நரியைக் கொணர்ந்தது. அதனால் விளைந்த கேட்டைத் தீர்க்கவும் அதே வியசனம் மருந்தாகக் காட்டப்படுகின்றது. சூது, கள், ஊன், பரத்தை, வேட்டை, களவு, பிறன்மனை என ஏழு வியசனங்களுள் வேட்டையை நம் ஆசாரியர் ஏன் சேர்த்தனர் என்பது இங்கே விளங்கும். வியசனம் என்பது ஒருமுறை செய்து ஓயும் பிழையன்று. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் பிடிப்பு.

கொன்றால் தீரும் என்பதும் ஐயத்திற்குரியதே. விக்டோரியா மாநிலத்தில் 2002-03-இல் நரி வால் ஒன்றுக்கு 10 டாலர் பரிசு அறிவித்துப் பெருந்தொகையாக வால்களைத் திரட்டினர். எனினும் மாநிலம் முழுவதும் நரிகளின் தொகையை அத்திட்டம் குறைத்துவிடவில்லை என்பதே ஆய்ந்தோர் முடிவு. அம்மாநிலத்து வார்ணம்பூல் நகரை ஒட்டிய சிறு தீவிலோ வேறொரு வழியைக் கண்டனர். நரிகளால் அங்கிருந்த பென்குவின் பறவைகள் 2005-இல் பத்துக்கும் குறைவாக அருகிவிட்டன. 2006-இல் மரெம்மா என்னும் இத்தாலிய இனக் காவல் நாய்களைத் தீவில் நிறுத்தினர். நரிகள் அஞ்சி அகன்றன. பறவைகள் மீண்டும் பெருகின. 2017-இல் நாய்கள் இல்லாத வேளையில் நரிகள் புகுந்து ஏராளமான பறவைகளைக் கொன்றதும் உண்டு. கொல்லாமல் காக்க வழியுண்டு என்பதும், அக்காவலில் சோர்வு கூடாது என்பதும் ஆகிய இரண்டு பாடங்களையும் இந்நிகழ்ச்சி தருகின்றது. இம்சைக்கு வேர் 'பிரமாதம்' எனப்படும் சோர்வே என்று நம் நூல்கள் கூறுவதும் இதுவே.

நம் நாட்டை மட்டும் உயர்த்திப் பேசவும் இயலாது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் கொணர்ந்து ஓடவிடும் வழக்கம் இருந்துவந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. நரியின் ஊளையைத் தம் குரலாலேயே எழுப்பி அதனை அழைக்க வல்ல நரிக்குறவர் மக்களை நம் முதியோர் அறிவர். அவர்கள் வயிற்றுப் பசிக்காகச் செய்தனர்; சட்டம் வந்தபின் மணிமாலை கோத்து விற்று வாழ முற்பட்டனர். பசித்தவர் கைவிட்டதை, வயிறு நிறைந்தவர் பொழுதுபோக்காகக் கொள்வது எத்தகைய அறம்?

ஊதியவர்க்கும் பங்குண்டா?

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றால் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலால் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க நேர்வது விரோத இம்சை. வேண்டுமென்றே கருதிச் செய்வது சங்கற்ப இம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தான் முற்றும் விட இயலாது. இயன்றவரை குறைக்க வேண்டும். நான்காவதை அறவே விடவேண்டும். தன் மந்தையைக் காக்க நின்றேன் என ஆட்டுப் பண்ணையாளர் ஒரு சொல் கூறலாம். அம்மந்தையின் முடிவும் கொலைக்களமே என்பது வேறு. விருந்தினராகச் சென்றவர்க்கோ காக்க வேண்டிய மந்தையும் இல்லை. அங்கே நின்றது கேளிக்கை ஒன்றே.

மேலும், இம்சை துப்பாக்கியில் தொடங்குவதன்று. செய்யக் கருதுதல் சம்ரம்பம், கருவிகளைக் கூட்டுதல் சமாரம்பம், செய்தல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றால் பெருக ஒன்பது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூன்றால் பெருக இருபத்தேழு. வெகுளி, செருக்கு, மாயை, பற்று என்னும் நான்கு கடுஞ்சினைகளால் பெருக நூற்றெட்டு. நாம் உருட்டும் மாலையில் 108 மணிகள் இருப்பது இந்நூற்றெட்டு வாயில்களையும் நினைந்து அடைப்பதற்கே. இக்கணக்கில் ஊதல் எங்கே நிற்கின்றது? கருவியைக் கூட்டுதலில் நிற்கின்றது, மெய்யால் நிற்கின்றது, செய்வித்தலில் நிற்கின்றது, மாயையில் நிற்கின்றது. நரி அன்று வாராது போயிருந்தாலும் அவ்வாயில் திறந்ததே.

கொலைக்கருவியைக் கொடுத்தல், கொலைக்கு வழி கூறுதல், தீயது நினைத்தல், தீயது கேட்டு மகிழ்தல், பயனின்றி உயிர்களை வருத்துதல் ஆகிய இவற்றை விடுவதே அனர்த்த தண்ட விரதம். நம் அருங்கலச் செப்பு இதனைக் குண விரதங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றது. அவ்வூதலை நீட்டிய கையும் ஏற்ற கையும் இவ்விரதத்துக்குப் புறம்பானவையே.

மாயை என்றோம். அது விலங்குகதிக்கு வித்து என்பது தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் உண்மை. ஊதல் நரியை ஊதுபவனிடம் அழைக்கின்றது; ஊதுபவனையோ நரி வாழும் கதிக்கே அழைக்கின்றது. எவ்வுயிரை வஞ்சித்தோமோ அவ்வுயிரின் வரிசையில் நாமும் நிற்க நேரும்.

யசோதரன் கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிரற்ற மாவே எனினும் கொலை எண்ணம் வினையாயிற்று. அவனும் அன்னையும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, ஈற்றில் கோழிகளாகப் பிறந்து, முனிவர் ஒருவரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து கூவினர். குரல் வந்த திசையறிந்து எய்யும் தன் திறனைத் தேவிக்குக் காட்ட விரும்பிய அரசன் யசோமதி அம்பு தொடுத்தான். இறந்தவர் அவனைப் பெற்ற தந்தையும் அவன் பாட்டியுமே! குரலைக் குறியாகக் கொண்டு கொல்பவன், அக்குரலுக்கு உரியவர் யார் என்பதை அறியான். பிறவிக் கடலில் நமக்கு உறவாகாத உயிர் எது?

குரல் கேட்டுத் திரும்பிய தேர்

குரலைக் கேட்டு வேறொன்று செய்தவரும் நம் மரபில் உள்ளார். திருமலையில் பதினாறு அடி உயரத்தில் சிகாமணிநாதராய் நிற்கும் நேமிநாதப் பெருமானை நினையுங்கள். மணக்கோலத்தில் தேரேறி வந்தார். வழியில் அடைபட்ட விலங்குகளின் அலறல் கேட்டது. 'தங்கள் மணவிருந்துக்கே இவை' என்றான் பாகன். அக்கணமே தேரைத் திருப்பினார். ஊர்ஜயந்தகிரி ஏறித் துறவு பூண்டார். விலங்கின் அலறல் ஒருவரைத் தீர்த்தங்கரராக்கிற்று. அதே அலறலைப் போலியாக எழுப்பி விளையாடுவது எத்துணை பெரிய வீழ்ச்சி!

எனினும் அன்பரே, மனம் தளரவேண்டா. வர்த்தமானப் பெருமானே முற்பிறவி ஒன்றில் புரூரவன் என்னும் வேடனாய் இருந்தவர். மானென்று கருதி முனிவரை எய்ய வில்லை வளைத்தார், மனைவி தடுத்தாள், முனிவரிடம் நோன்பு ஏற்றார், அங்கே தொடங்கிற்று அவருடைய ஏற்றம். பின்னொரு பிறவியில் கொடிய சிங்கமாய் இருந்தபோதும் சாரண முனிவரின் உரைகேட்டு நற்காட்சி எய்தினார். வேடனுக்கும் வழியுண்டு, இரைதேடும் விலங்குக்கும் வழியுண்டு. அந்நரியின் உள்ளிருந்ததும் அத்தகைய உயிரே.

உறக்கம் வரவில்லை என்று எழுதினீர். அது நோயன்று, உம் அன்னையார் ஊட்டிய அறம் விழித்திருப்பதன் அடையாளம். அதனை உறங்க வைத்துவிடாதீர். செய்ததை மறையாது சான்றோர் முன் கூறுதல் ஆலோசனை. மனத்தால் இரங்கி மீளுதல் பிரதிக்கிரமணம். பஞ்ச மந்திரத்தை நூற்றெட்டு முறை ஓதி, ஒருநாள் உண்ணா நோன்பு ஏற்று, கேளிக்கைக்காக எவ்வுயிரையும் வருத்துவாரோடு சேரேன் என்று உறுதி கொள்வீராக. அழைத்த நண்பரை இகழவேண்டா. ஏன் வரமாட்டீர் என்பதை அன்போடு சொல்லுங்கள்.

இல்லங்களில் இருப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். உண்டிவில், எலிப்பொறி, மீன்தூண்டில், விலங்குகளைச் சுட்டு மகிழும் கணினி விளையாட்டு எனப் பல வடிவங்களில் அவ்வூதல் நம் சிறுவர் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றது. 'இது விளையாட்டுத்தானே' என்று நாம் வாளாவிருந்தால், அது உடன்படுதல் ஆகும். இன்றே குழந்தைகளை அருகழைத்து நேமிநாதர் தேர் திரும்பிய கதையைச் சொல்லுங்கள். துன்பக் குரல் கேட்டால் காக்க விரையும் கால்கள் அவர்களுக்கு வாய்க்கட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அகிம்சை அறம் ஓங்குக!