விட்டுப்போன இரண்டு வசனங்கள்



பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறான இன்று, முதல் வாசகத்தை, நல்ல மனையாளைப் புகழ்கிற நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து கேட்டோம். 13ஆம் வசனம் முடிந்ததும் 19, 20 முடிந்ததும் 30 என்று தாவிப் போனதைக் கவனித்திருப்பீர்கள். வாசித்தவர் மேல் குற்றமில்லை. வாசக நூலே அப்படித்தான். வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து, விட்டுப்போனதைப் படியுங்கள். 16ஆம் வசனத்தில் அந்த அம்மா ஒரு நிலத்தைப் பார்த்து வாங்கி, தன் சம்பாத்தியத்திலேயே திராட்சைக் கொடி நடுகிறார். 22ஆம் வசனத்தில் தனக்கு வேண்டிய போர்வையைத் தானே செய்துகொள்கிறார். ஆக, தோட்டமும் தையலும் விட்டுப்போயின. நம் வீடுகளில் இருக்கிற தேன்பெட்டி அங்கே இல்லைதான். ஆனால் பறக்கிறவற்றுள் தேனீ சிறிது, அது தருகிற இனிப்போ தலைசிறந்தது என்று சீராக்கின் ஞானம் 11ஆம் அதிகாரம் சொல்லிவிடுகிறது.

இந்த ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் கொல்லையில் முருங்கையும் கத்தரியும் வைத்து, ஓரத்தில் ஒரு தேன்பெட்டி போட்டு, கை ஓய்ந்த நேரத்தில் பழைய சேலைகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிற அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “சாமி, எதைப் பார்க்க, எதை விட?” நீதிமொழிகள் சொல்லும் அந்த அம்மாவைக் காட்டி இவர்களை அதட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் 15ஆம் வசனத்தைப் படிப்பதேயில்லை. அந்த அம்மாவுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள்!

அந்த அம்மாக்களின் கேள்விக்குத் தேன்பெட்டியே பதில் சொல்கிறது. நம் நாட்டுத் தேனீக்குத் தோதான பெட்டியை உருவாக்கியவர் அருட்தந்தை நியூட்டன். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்ப்பைப் பழக்கினார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். அதைத் திறந்து பாருங்கள். வேலைக்காரத் தேனீ பிறந்ததும் பூவைத் தேடி ஓடுவதில்லை. முதலில் அடையின் அறைகளைத் துடைக்கும். அப்புறம் புழுக்களுக்கு ஊட்டும். மெழுகு சுரந்து அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். வெளியே பறப்பது ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில்தான். பூக்காலத்தில் அதன் ஆயுளே ஆறு வாரம் போலத்தான். அத்தனை வேலையும் பார்த்துவிடுகிறது. ஆனால் ஒரே நாளில் அல்ல.

நம் ஊர் மாதங்களும் அப்படித்தானே அமைந்திருக்கின்றன? இப்போது கார்த்திகை மழை. தேனீ அதிகம் வெளியே வராது. பூ குறைந்திருந்தால் கொஞ்சம் சீனிப்பாகு வைத்து, பெட்டிக் கால்களுக்கு அடியில் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். தோட்டத்தில் தண்ணீர் தேங்காமல் வடிய விட்டால் போதும். ஊசியை எடுக்க வேண்டிய காலம் இதுதான். பழைய நூல்சேலையில் இடுப்பில் சொருகுகிற இடம் நைந்துபோயிருக்கும், முந்தானை கெட்டியாக இருக்கும். கெட்டியானதை மேலும் கீழும் வைத்து, நைந்ததை நடுவில் கொடுத்து, ஓட்டுத்தையல் போடுகிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். தை பிறந்து, மழை விட்டு, முருங்கை பூத்துக் குலுங்கும்போது தையலை மடித்துப் பரணில் வையுங்கள். பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்தால் பெட்டிதான் உங்களைக் கூப்பிடும். முடியாத போர்வை அடுத்த மழைக்குக் காத்திருக்கட்டும்; அதனால் ஒரு பாவமும் இல்லை.

இன்றைய நற்செய்தி உவமையிலும் தலைவர் தம் பணியாளர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று அவரவர் திறமைக்கு ஏற்பத்தான் தாலந்து கொடுத்தார். ஐந்தைப் பத்தாக்கியவருக்கும் இரண்டை நான்காக்கியவருக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றேதான். மத்தேயு 25இல் 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் நாலு பெட்டி இருக்கிறதே என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். கண்டிப்பு விழுந்தது ஒன்றை வாங்கி மண்ணில் புதைத்தவருக்கு. வீட்டில் ஓர் அம்மா மூன்று வேலைக்கும் ஓடும்போது திண்ணையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிற ஆண்மக்களே, உங்கள் தாலந்தை எந்தக் கொல்லையில் புதைத்தீர்கள்? கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றக்கூடவா தெரியாது? கத்தரிக்கு மருந்து அடிக்கிறவர்களும் தேனீ கூடடைந்த பிறகு, மாலையில் அடியுங்கள்.

நீதிமொழிகளில் வாசக நூல் விடாமல் வைத்தவற்றில் இரண்டு வசனங்களையும் பார்த்துவிடுவோம். 19இல் அந்த அம்மாவின் கை நூல் நூற்கிறது; 20இல் அதே கை ஏழைக்கு நீள்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நம் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனபோது, புதுக்குடி மக்கள் கோயிலில் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் பயம் இருந்த நேரம் அது. செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவதும் நேரத்தைச் சரியாகப் பங்கிடுவதுதான்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. வரும்போது, வீட்டில் சும்மா கிடக்கிற நூல்சேலைகளைத் துவைத்துக் கொண்டுவாருங்கள். பூசைக்குப் பின் நம் அம்மாக்கள் தைக்கட்டும், ஊசியில் நூல் கோக்க இளைஞர்கள் உட்காருங்கள். குளிர் கூடுவதற்குள் தாமிரபரணிக் கரையோரக் குடிசைகளுக்குக் கொடுத்துவிடலாம். இப்போது எல்லாரும் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.