பெயரில் இழிவு உண்டோ?

மனிதன் இவ்வுலகில் பெறுகின்ற முதல் உடைமை அவனுடைய பெயர். அதை அவன் தேடிப் பெறுவதில்லை, வேண்டிக் கேட்பதுமில்லை. அவன் வாய் திறந்து பேசத் தொடங்கும் முன்பே பிறர் அதனை அவனுக்குச் சூட்டிவிடுகின்றனர். தான் தேர்ந்தெடுக்காத ஒன்றிற்காக ஒருவன் நாணுதல் தகுமா? அப்பெயரை அவன் விலக்கினால், சூட்டியவர்க்குப் பிழை செய்தவன் ஆவானா? இவ்வினாக்களை, நம்மிடையே அருகி மறைந்துவரும் சில பழம்பெயர்களைக் கொண்டு ஆராய்வோம்.

குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிட்டான், மூக்கன், மூக்காயி ஆகியவை அப்பெயர்கள். ஒரு காலத்தில் நம் தோட்டப்புறங்களில் விடியற்காலைப் பெரட்டில் இப்பெயர்கள் நாள்தோறும் ஒலித்தன. செக்ரோல் புத்தகங்களில் வரிசை வரிசையாக எழுதப்பட்டன. இன்றோ, தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் இவற்றுள் ஒன்றைக் காண்பதும் அரிது. மாணவரின் பாட்டன் பாட்டியர் பெயராகவே இவை எஞ்சி நிற்கின்றன.

பெயர் வந்த வழி

இப்பெயர்களின் பிறப்பை அறியாதவர், பெற்றோரின் அறியாமையே இதற்குக் காரணம் என்பர். உண்மை வேறு. பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தைக்கே இவை பெரும்பாலும் வைக்கப்பட்டன. குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி, மீண்டும் எடுத்து வந்து குப்பன் என்று அழைத்தனர். தாய் முந்தானை ஏந்தி அண்டை வீடுகளில் இரந்து, பிச்சையாகப் பெற்ற பிள்ளை என்று பெயரிட்டாள். குழந்தையைப் பிறர் கையில் கொடுத்து, சிறிது தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கியபோது அவன் தவிட்டான் ஆனான். மூக்குக் குத்தி வளர்த்த பிள்ளை மூக்கன் ஆனான். “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளைச் சீண்டும் வழக்கம் இன்றும் உண்டு. அவ்வேடிக்கைப் பேச்சின் அடியில் ஒரு பழைய துயரம் புதைந்து கிடக்கின்றது.

இவ்வழக்கத்தின் பின்னிருந்த எண்ணம் எளியது. கூற்றுவன் விலைமதிப்பு உள்ளதையே கவர்வான். ஆகவே, ‘இது குப்பை, இது உனக்கு வேண்டா’ என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. 1957இல், நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டில், மலாயாவில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 75 ஆக இருந்தது. இன்று மலேசியாவில் அது பத்துக்கும் குறைவு. குப்பன் என்னும் பெயர் மறைந்தமைக்கு நாகரிகம் மட்டும் காரணமன்று. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் தடுப்பூசியும் தூய குடிநீரும் அப்பெயரின் தேவையைப் பெரிதும் போக்கிவிட்டன. அவ்வகையில் இம்மறைவு மகிழத் தக்கதே.

இந்நம்பிக்கை மூடநம்பிக்கை அன்றோ எனச் சிலர் வினவலாம். ஆம், பெயரைக் கண்டு எந்த நோயும் விலகிச் சென்றதில்லை. ஆயினும், நம்பிக்கை பொய்யாயிருந்ததால் அதற்குள் இருந்த அன்பும் பொய்யாகிவிடாது. தன் உயிரினும் மேலான குழந்தையைக் ‘குப்பை’ என்று வாயால் சொல்லத் துணிந்த தாயின் மனத்தை எண்ணிப் பாருங்கள். அழகிய பெயரைச் சூட்டி மகிழும் இன்பத்தைக்கூட அவள் அக்குழந்தைக்காகத் துறந்தாள்.

உலகெங்கும் ஒரே அச்சம்

இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. பதினாறாம் நூற்றாண்டில் சப்பான் முழுவதையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்த தோயோதோமி ஹிதேயோஷி, தன் முதல் மைந்தனை ‘விடப்பட்டவன்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தான். அக்குழந்தை 1591இல் இறந்தது. 1593இல் பிறந்த அடுத்த மைந்தனைக் ‘கண்டெடுக்கப்பட்டவன்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தான். கோட்டையும் படையும் உடையவனும் கூற்றுவன் முன் நம் தோட்டத் தாயைப் போலவே நின்றான். கிழக்கு ஐரோப்பிய யூதரோ நோயுற்ற குழந்தைக்கு ‘முதியவன்’ என்று பெயரிட்டு, இளங்குழந்தையைத் தேடிவரும் மரணதூதனை ஏமாற்ற முயன்றனர். மலாய் மக்களின் பழைய தலைமுறையில் வழங்கிய ‘புவாங்’ என்னும் பெயரும் ‘எறிதல்’ என்றே பொருள்படும்.

ஒரே சொல், இரண்டு நிலை

ஆனால் இதனோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. இதே சொல் எல்லார்க்கும் ஒரே மதிப்பைத் தரவில்லை. சென்னையில் புகழ்பெற்ற வடமொழிப் பேராசிரியராய் விளங்கியவர் குப்புசாமி சாஸ்திரியார் (1880–1943). புதுக்கவிதையின் முன்னோடி பிச்சமூர்த்தி (1900–1976). சிவபெருமானுக்கே பிச்சாண்டவர் என்னும் திருநாமம் உண்டு. இவற்றைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. அதே பெயர் ‘குப்பன்’ என்று குறுகி, உழைப்பாளி ஒருவனுக்கு வழங்கும்போது மட்டும் அது இழிவாகிவிடுகிறது. ‘சாமி’யும் ‘மூர்த்தி’யும் சிலர்க்குக் கிடைத்தன; வேறு சிலர்க்கு அவை மறுக்கப்பட்டன.

மனுநூலின் இரண்டாம் அத்தியாயம், நான்காம் வருணத்தார்க்கு இழிவைக் காட்டும் பெயரே சூட்டப்பட வேண்டும் என விதிக்கிறது. ஆகவே, குப்பன் என்ற பெயரை ஒரு வீட்டில் தாயின் அன்பு வைத்தது. மற்றொரு வீட்டில் ஆதிக்கம் வைத்தது. பெயரை மட்டும் நோக்கி இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது.

பெண்மக்கட்கு இடப்பட்ட பெயர்களையும் இங்கே கருத வேண்டும். தொடர்ந்து பெண்ணே பிறந்த வீடுகளில் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயரிட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் இவையும் குப்பம்மாள் போன்றனவே. உள்நோக்கமோ நேர்மாறானது. குப்பம்மாள் என்பது ‘இவள் எங்களுக்கு வேண்டும்’ என்பதை மறைத்துச் சொன்ன பெயர். போதும்பொண்ணு என்பது ‘இவள் எங்களுக்கு வேண்டா’ என்பதை மறையாது சொன்ன பெயர். முன்னதில் ஏமாற்றப்பட்டவன் கூற்றுவன். பின்னதில் புண்பட்டவள் அப்பெண். பெயரின் அறத்தை அதன் சொற்பொருளால் அளத்தல் ஆகாது. சூட்டியவர் நெஞ்சால் அளத்தல் வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

பெயரை விலக்கலாமா?

அவ்வாறாயின், பெயரை மாற்றிக்கொள்ளுதல் முறையா? வரலாறு இதற்குத் தடை சொல்லவில்லை. வேதாசலம் 1916ஆம் ஆண்டையொட்டி மறைமலை ஆனார். மொழியை மாற்றினாரேயன்றிப் பொருளை மாற்றவில்லை. வேங்கடராமன் என்னும் பெயருடைய மாணவரிடம், வீட்டில் வேறு எப்பெயரால் அழைப்பர் என வினவி, சாமிநாதன் என்பதை நிலைநிறுத்தினார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அம்மாணவரே பின்னாளில் ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். இங்கும் வேரூன்றிய தன்மான உணர்வு, தங்கள்மீது சுமத்தப்பட்ட பெயர்களை உதறிவிட்டு நல்ல தமிழ்ப்பெயர்களைத் தேடும் துணிவை எளிய மக்களுக்கு ஊட்டியது. பிறர் மாட்டிய நுகத்தைக் கழற்றுதல் நன்றிகேடு அன்று, அது மானம்.

எனினும், நுகத்தைக் கழற்றுதல் வேறு. முன்னோரை மறைத்தல் வேறு. வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், பாட்டனின் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடும் பிள்ளைகளை நான் கண்டதுண்டு. கேட்டால், “எல்லாரும் சிரிப்பார்கள், ஐயா” என்பர். காடழித்து, ரப்பர் நட்டு, மகனைப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவர், நான்கு எழுத்துக்கு அஞ்சித் தம் சொந்தக் குடும்பத்தின் மரத்திலிருந்தே நீக்கப்படுகிறார். சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட நம் மக்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. பெயர் எஞ்சியிருப்பவரையும் நாமே அழித்துவிடுதல் எவ்வகையில் அறமாகும்?

இங்கே குற்றம் அப்பிள்ளையினுடையதா? அன்று. சிரிப்பவரிடமே குற்றம் உள்ளது. பெயர் சூட்டியவரின் நெஞ்சத்தை நாம் அறியோம்; அன்பா ஆதிக்கமா என்பதைக் கேட்டறியாமல் நகைக்க நமக்கு உரிமையில்லை. அன்பினால் வந்த பெயரானால், நகைப்பு ஒரு தாயின் கண்ணீரை இகழ்வதாகும். ஆதிக்கத்தால் வந்த பெயரானால், நகைப்பு அவ்வாதிக்கத்திற்குத் துணை போவதாகும். இரண்டு வழியிலும் அது தீதே. பெயரை வைத்துக்கொள்வதோ விடுவதோ அதனைத் தாங்குபவரின் உரிமை.

பிச்சை என்னும் பெயர் இன்று உலகெங்கும் மதிப்புடன் உச்சரிக்கப்படுகிறது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2015இல் கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானதே அதற்குக் காரணம். இதில் நாம் மகிழலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. செல்வரும் புகழ் பெற்றவரும் தாங்கினால்தான் பெயர் மதிப்புறும் என்றால், மதிப்பு பெயருக்கு அன்று, செல்வத்திற்கே தரப்படுகிறது. வெளிக்காட்டு மரத்தில் பால் வெட்டிய பிச்சையும் அதே மதிப்பிற்கு உரியவரே.

ஆசிரியர் கடமை

ஆசிரியப் பெருமக்களே, ஒரு குழந்தையின் பெயரைப் பெற்றோர்க்கு அடுத்தபடியாக மிகுதியும் அழைப்பவர் நாமே. அப்பெயரைச் சிதைக்காமல், பட்டப்பெயராக்காமல், முழுமையாக அழைத்தல் நம் முதற்கடமை. குடும்ப மரம் வரையச் சொல்லும்போது பெயரோடு அதன் கதையையும் கேட்டெழுதி வரச் சொல்லுதல் அடுத்த கடமை. பாட்டியிடம் கேட்காமல் எந்த அகராதியும் அக்கதையைத் தராது. அப்பாட்டியர் நெடுநாள் நம்மோடு இருக்கப் போவதும் இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் குப்பன் என்று பெயரிடுங்கள் என நான் கூறவில்லை. அதற்கான தேவை ஒழிந்தது, அது நன்று. ஆனால் குப்பன் என்ற பெயரை வெறுமையான இடத்தில் தெளிவாக எழுதுங்கள். எவரேனும் நகைத்தால், அது எப்படி வந்த பெயர் என்று எடுத்துச் சொல்லுங்கள். அறிந்தபின் நகைப்பவர் மிகச் சிலரே.