தெரிந்தும் சொல்லாதிருத்தல்

2016 நவம்பரில் ஊபர் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தரவுக் கிடங்குக்குள் நுழைந்துவிட்டோம், பணம் வேண்டும் என்பது அதன் சாரம். சோதித்துப் பார்த்ததில் அது உண்மை என்று தெரிந்தது. ஊபர் பொறியாளர்கள் நிரல்களைச் சேமித்து வைத்திருந்த கிட்ஹப் தளத்துக்குள் திருடிய கடவுச்சொல்லோடு இருவர் புகுந்திருந்தார்கள். அமேசான் சேமிப்பகத்தைத் திறக்கும் சாவியும் அந்த நிரல்களுக்கு நடுவிலேயே கிடந்தது. அதைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அவர்கள் அள்ளிச் சென்றார்கள். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஏறத்தாழ 6 லட்சம் ஓட்டுநர் உரிம எண்களும் அதில் இருந்தன.

நிறுவனம் அவர்களுக்கு 1,00,000 டாலரை பிட்காயினாகக் கொடுத்தது. மென்பொருள் குறைகளைக் கண்டுபிடித்து நேர்மையாகத் தெரிவிப்பவர்களுக்குப் பரிசு தரும் ‘பக் பவுண்டி’ திட்டத்தின் கணக்கில் அந்தத் தொகை எழுதப்பட்டது. தரவு எதையும் எடுக்கவில்லை என்று பொய்யாகக் கூறும் ரகசிய ஒப்பந்தத்தில் அந்த இருவரிடம் கையெழுத்தும் வாங்கப்பட்டது. ஊபரில் 2014இல் நடந்த இன்னொரு கசிவை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. விவரம் பறிபோன பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஓராண்டு காலம் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. புதிய தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பேற்ற பிறகு, 2017 நவம்பர் 21 அன்றுதான் உண்மை வெளியே வந்தது.

தன் பொருளில் குறை இருப்பதையோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது களவுபோனதையோ அறிந்த ஒரு நிறுவனம் வாய் திறக்காமல் இருக்கலாமா? திருடியது நிறுவனம் அல்ல. அதுவும் ஒரு வகையில் பாதிக்கப்பட்ட தரப்புதான். அப்படியிருக்கச் சொல்லாமல் விட்டதை அறப்பிழை என்று எந்த அடிப்படையில் கூறுவது? இதற்கு விடை காண, மௌனத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

2017 ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வுக் குழு இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் ஆகிய நிறுவனங்களிடம் சில குறைகளைத் தெரிவித்தது. பின்னாளில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்று பெயர் பெற்ற அந்தக் குறைகள் கணினிச் சில்லின் வடிவமைப்பிலேயே இருந்தன. கணக்கை விரைவாக முடிப்பதற்காக, அடுத்து என்ன வேலை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்துவைப்பது சில்லின் வழக்கம். அந்த ஊகத்தின் தடயங்களைக் கொண்டு, ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியில் இருப்பதைக் கண்டறிய முடிந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளாக விற்பனையான சில்லுகளில் இருந்த குறை இது. அன்றைக்கே ஊரறியச் சொல்லியிருந்தால், திருத்தம் எவர் கையிலும் இல்லாத வேளையில் திருடர்களுக்கு மட்டும் வழி தெரிந்திருக்கும். எனவே 2018 ஜனவரித் தொடக்கம் வரை குறை ரகசியமாக வைக்கப்பட்டது. அதற்குள் இயங்குதளங்களுக்கான திருத்தங்கள் தயாராகின.

இந்த மௌனத்தைக் குறைசொல்வது கடினம். சொன்னால் பயனருக்குத் தீங்கு, பொறுத்தால் பாதுகாப்பு என்ற நிலையில் பொறுப்பதே கடமை. தீங்கு பயக்காமையை வாய்மைக்கு அளவுகோலாக வைத்த வள்ளுவரின் மரபில் வந்தவர்களுக்கு இது புதிய நியாயமும் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட மௌனத்துக்குச் சில எல்லைகள் உண்டு. திருத்தும் வேலை உண்மையாகவே நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் வேண்டும். புராஜெக்ட் ஜீரோ பொதுவாக 90 நாள் கெடு வைப்பது இதற்காகத்தான். கெடு இல்லாவிட்டால் திருத்தும் வேலை எப்போதும் அடுத்த மாதத்துக்கே தள்ளிப்போகும். ரகசியத்தை அறிந்தவர்கள் அதைத் தங்கள் சலுகையாக ஆக்கிக்கொள்ளவும் கூடாது. மெல்ட்டவுன் விஷயத்தில்கூட இந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் சிலருக்கு முன்பே தகவல் போயிற்று. சிறிய மேகக்கணினி நிறுவனங்கள் பலவும் ஊரோடு சேர்ந்தே அறிந்துகொண்டன. நியாயமான மௌனத்துக்குள்ளும் இப்படி அநியாயம் நுழைந்துவிட முடியும்.

ஊபர் காத்த மௌனம் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அங்கே களவு நடந்து முடிந்துவிட்டது. இனி மறைத்தால் திருடனுக்கு வழி தெரியாமல் போகும் என்ற வாதத்துக்கு அங்கு இடமே இல்லை; அவன் உள்ளே வந்து பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெரியாமல் இருந்தவர்கள் பொருளுக்கு உரியவர்கள் மட்டுமே. வீட்டுச் சாவி அயலான் கையில் சிக்கியது தெரிந்தால் பூட்டை மாற்றலாம். தெரியாதவர் அதே பூட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போவார். கடவுச்சொல்லை மாற்றுவது, வங்கிக் கணக்கைக் கவனிப்பது, தெரியாத அழைப்பைச் சந்தேகிப்பது என்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் எல்லாமே, நடந்தது தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். தகவலை மறைத்த நிறுவனம் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. முதல் களவைச் செய்தவன் வெளியாள். தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்த குற்றமோ நிறுவனத்துடையது.

ஆகவே இரண்டு மௌனங்களையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: சொல்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் யாருக்கு நன்மை? பயனருக்கு என்றால் அது காப்பு. நிறுவனத்துக்கு மட்டும் என்றால் அது வஞ்சனை.

இதற்கு மறுப்பாகச் சில வாதங்கள் வரும். வீண் பீதி கிளம்பும் என்பது முதலாவது. பீதி உண்மையான கவலைதான். ஆனால் வளர்ந்த மனிதர்களிடம் அவர்களைப் பற்றிய செய்தியை மறைத்துவிட்டு, அது அவர்கள் நன்மைக்காகவே என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை யாரும் நிறுவனத்துக்குத் தரவில்லை. என்ன பறிபோனது, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பீதி குறையும்; அரைகுறையாகக் கசியும் செய்திதான் அதை வளர்க்கும். தரவு தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்குச் சான்றில்லை என்பது இரண்டாவது வாதம். திருடப்பட்ட பிறந்த தேதியும் அடையாள எண்ணும் எந்த ஆண்டில், எந்த மோசடியில் தலைகாட்டும் என்பதை நிறுவனம் அறிய முடியாது. சான்று கிடைக்கும் நாளில் யாரோ ஒருவரின் பணம் போயிருக்கும்.

முழு விவரம் தெரியாமல் எப்படிச் சொல்வது என்ற மூன்றாவது வாதத்தில் உண்மை உண்டு. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் 2017 ஜூலை 29 அன்று ஊடுருவலைக் கண்டுபிடித்தது; செப்டம்பர் 7 அன்று அறிவித்தது. என்ன போயிற்று என்று கணக்கெடுக்க ஓரளவு காலம் தேவைதான். ஆனால் அந்த 40 நாளை மட்டும் எடைபோடுவது சரியாகாது. ஊடுருவலுக்கு வழிவிட்ட ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ மென்பொருளின் குறையும் அதற்கான திருத்தமும் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்துவிட்டன. திருத்தத்தைப் போடச் சொல்லி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போயிற்று. அது போடப்படவில்லை. விளைவாக ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. அவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்கள் அல்லர். வங்கியில் கடன் வாங்கியதாலேயே அவர்கள் விவரம் அங்கே சேர்ந்திருந்தது. பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்று நுகர்வோருக்குச் சொல்லப்படும் ஆறுதல் இவர்களுக்கு உதவாது. விலகிப்போக வழியில்லாதவரின் தரவை வைத்திருப்பவருக்குக் கடமை கூடுகிறது.

தண்டனை யாரிடம் போய்ச் சேருகிறது என்பதும் அறம் சார்ந்த கேள்வியே. யாஹூவின் 50 கோடி கணக்குகள் 2014இல் களவாடப்பட்டதை அதன் பாதுகாப்புக் குழு சில நாட்களிலேயே அறிந்திருந்தது. உலகுக்குச் சொன்னது 2016இல். 2018இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த 3.5 கோடி டாலர் அபராதம், முதலீட்டாளர்களிடம் மறைத்ததற்காக. ஊபர் வழக்கில் சல்லிவன் 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றைய தலைமைச் செயல் அதிகாரி மீது வழக்கு இல்லை. ஈக்விஃபாக்ஸ் சமரசத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 125 டாலர் வரை ரொக்கம் என்று சொல்லப்பட்டது. விண்ணப்பங்கள் குவிந்ததும், அதற்கென ஒதுக்கிய 3.1 கோடி டாலர் போதாது, ரொக்கத்துக்குப் பதில் இலவசக் கடன் கண்காணிப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று வர்த்தக ஆணையமே மக்களைக் கேட்டுக்கொண்டது.

இந்தியாவின் நிலையையும் இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இது பாராட்டத்தக்க அறம். பல நாடுகளின் சட்டங்கள் கடும் ஆபத்து இருந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகின்றன. இந்தியச் சட்டத்தின்படி, தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரம் பறிபோனவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழியில்லை. இழப்பீட்டுக்கு இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கும் ஏற்பாட்டையும் இதே சட்டம் கொண்டிருக்கிறது. தீங்கு ஒருவருக்கு, ஈடு இன்னொருவருக்கு என்பது நீதியாகாது. இது திருத்தப்பட வேண்டும்.

சட்டம் எவ்வளவு கூர்மையானாலும், கசிவு முதலில் தெரியவருவது நிறுவனத்துக்குள் இருக்கும் சிலருக்குத்தான். அங்கே பொறியாளரும் வழக்கறிஞரும் மேலாளரும் கூடிப் பேசும்போது, இது வெளியே தெரிந்தால் நமக்கு என்னவாகும் என்ற கேள்வியே முதலில் எழும். தெரியாமல் போனால் அவர்களுக்கு என்னவாகும் என்று அங்கே ஒருவராவது கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவரின் வேலைக்குச் சட்டம் காப்பளிக்க வேண்டும். குறை இல்லாத மென்பொருளை எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. குறையை மறைக்காமல் இருப்பது எல்லா நிறுவனங்களாலும் முடியும். பிழைக்கு மன்னிப்பு உண்டு; தெரிந்தே மறைத்ததற்கு நுகர்வோர் கணக்குக் கேட்டே ஆக வேண்டும்.