பற்றும் நடுவுநிலையும்

பற்று இல்லாத வாழ்வு சுவைப்பதில்லை. ஆனால் பற்றுவைத்த நெஞ்சே தீர்ப்பு வழங்கவும் அமர்ந்துவிட்டால் அங்கே நீதி தவறிவிடுகிறது. இவ்வுண்மை வழக்குமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. இசை கேட்கும் செவிக்கும் உரியது.

வீட்டில் மகன் இன்றைய ராக் பாட்டொன்றை ஆவலோடு கேட்கத் தருகிறான். அரை நிமிடம் கேட்கிறோம். “இதுவும் ஒரு பாட்டா? பீட்டில்ஸைக் கேட்டுப் பார்!” என்று இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறோம். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறான். அதன்பின் எந்தப் பாட்டையும் நம்மிடம் கொண்டுவருவதில்லை. நாம் இழந்தது ஒரு பாட்டை மட்டுந்தானா?

பீட்டில்ஸின் மேல் நாம் கொண்ட பற்று வெறும் மயக்கமன்று. லிவர்பூல் துறைமுக நகரத்து இளைஞர் நால்வர், 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்து தம் முதல் இசைத்தட்டை நிறைவு செய்தனர். 1970இல் அக்குழு கலைந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அவர்கள் தொட்ட எல்லைகள்தாம் எத்தனை! 1965இல் ஒரு பாடலில் சிதார் ஒலித்தது. மறு ஆண்டில் ஜார்ஜ் ஹாரிசன் பண்டிட் ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்தார். 1968இல் நால்வரும் ரிஷிகேசம் வந்தனர். குழு கலைந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த நமக்கோ, அவர்கள் ஒலிநாடாவில் பழம்பொருளாகவே வந்து சேர்ந்தார்கள். முதல் முறை கேட்டபோது நமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். “இன்னொரு முறை கேள்” என்று அண்ணன் ஒருவர் பலநாள் பொறுமையாக வற்புறுத்தியதன் பயனே இன்றைய பற்று.

இன்றைய ராக் இசைமீது நாம் கூறும் குறைகள் ஆதாரமற்றவை அல்ல. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நசுக்கி, பாட்டு முழுவதையும் ஒரே உரத்த குரலாக்கும் வழக்கம் பரவியது. 2008இல் மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ இசைத்தட்டு வெளிவந்தபோது அக்குழுவின் அன்பர்களே இதுபற்றி முறையிட்டனர். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் இதைவிடத் தெளிவாக ஒலிக்கின்றன என்று எடுத்துக்காட்டினர். பாடகரின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997இல் வந்தது. தாளத்தையும் கணிப்பொறி சீராக்கித் தந்துவிடுகிறது. பிழையோடு பாடிய மனிதக் குரலின் உயிர்ப்பு எங்கே என்று நாம் கேட்பது நியாயமே.

ஆனால் அதே கேள்வியை நம் அன்புக்குரிய குழுவிடமும் கேட்டோமா? 1966இல் ஒரு பாடலுக்காக ஜான் லெனனின் குரலைச் சுழலும் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தி உருமாற்றினார்கள். ஒரே பாட்டை இருமுறை பாட அவர் சலித்துக்கொண்டதால், ஒரு குரலை இரண்டாகக் காட்டும் வழியை அதே ஆண்டில் பதிவகப் பொறியாளர் கென் டவுன்ஸெண்ட் கண்டுபிடித்தார். இவற்றை நாம் ‘புதுமை’ என்கிறோம். இன்று பிறர் செய்தால் ‘போலி’ என்கிறோம். 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ வெளிவந்தது. 1970களின் பிற்பகுதியில் லெனன் தம் வீட்டில் பதிவு செய்திருந்த ஒலிநாடாவிலிருந்து, பியானோ ஒலியின் அடியில் மறைந்துகிடந்த அவர் குரலைக் கணிப்பொறி பிரித்தெடுத்துத் தந்தது. மறைந்து ஏறத்தாழ நாற்பத்து மூன்றாண்டுகளுக்குப் பின் ஒலித்த அக்குரலைக் கேட்டு நாம் கண்ணீர் மல்கினோமே தவிர, இயந்திரத்தைப் பழிக்கவில்லை. நமக்கு ஓர் அளவுகோல், பிறர்க்கு ஓர் அளவுகோல் என்றால் அதற்கு ரசனை என்று பெயரிடலாமா?

வேறொரு பிழையும் உண்டு. 1960களிலும் சுவையற்ற பாடல்கள் ஏராளமாய் வந்தன. காலம் அவற்றைப் பதராகத் தூற்றிவிட்டது. தூற்றி அளந்த பழைய நெல்லை, தூற்றாமல் களத்தில் கிடக்கும் புதுக்குவியலோடு ஒப்பிட்டு, “இன்று பதரே மிகுதி” என்கிறோம். ஊரைவிட்டு வந்த நம்மில் பலர், புறப்பட்ட நாளில் கண்ட தெருவையே ஊரென்று நெஞ்சில் வைத்திருக்கிறோம். அங்கே புதிதாக எழுந்ததெல்லாம் நம் கண்ணுக்குக் குறையாகவே படுகிறது. செவிக்கும் அப்படி ஓர் ஊர் உண்டு போலும்.

அதனால் புதியது அனைத்தையும் போற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. அச்சத்தால் தலையசைப்பதும் பொய்யே. பற்று என்பது நன்றியுணர்வு. அது நிலைபெற எதிரி ஒருவன் தேவையில்லை. பீட்டில்ஸை நேசிக்க இன்றைய இளைஞரை இகழ வேண்டியதில்லை. பழைய பாட்டை நூறு முறை கேட்டோம்; புதியதற்கு அரை நிமிடம் அளித்தோம். இருதரப்பையும் கேளாத தீர்ப்பு தீர்ப்பாகாது. முழுதும் கேட்டபின் பிடிக்கவில்லையெனில், காரணத்தோடு அதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

அண்ணன் நமக்குத் தந்த பொறுமை இன்னும் திருப்பிச் செலுத்தப்படாத கடனாகவே இருக்கிறது. இன்று மாலை மகனிடம் நாமே போய், “அந்தப் பாட்டை இன்னொரு முறை போடப்பா” என்று கேட்க வேண்டும். அவன் தருவானா என்பது இனி அவன் கையில் இருக்கிறது.