பூட்டிய வீட்டின் அறம்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதியன்று ஸ்பெயின் தேசம், ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் அந்நிய நாட்டாருக்கு அந்தக் கிரயத்தின் பேரிலேயே வதிவுரிமை அளித்துவந்த ‘கோல்டன் விசா’ என்னும் ஏற்பாட்டைக் கைவிட்டது. இரண்டு நாள் கழித்து அதே தேசத்தின் சுமார் நாற்பது நகரங்களில், குடிக்கூலி கொடுத்து மாளாத ஜனங்கள் வீதியில் திரண்டார்கள். சட்டம் திருந்திய பின்பும் துயரம் தீராததற்குக் காரணம் உண்டு. அரசு நிறுத்தியது வீட்டோடு சேர்த்துக் கொடுத்த சன்மானத்தை மட்டுமே. கடலோரத்தில் ஒரு வீட்டை வாங்கி, ஆண்டில் மூன்று வாரம் வெயில் காய்ந்துவிட்டு மீதி நாளெல்லாம் பூட்டி வைக்கவோ, நாள்வாடகைக்கு விடவோ, விலை ஏறியதும் விற்றுவிடவோ எண்ணுகிற செல்வருக்கு அங்கே வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் தர்மம் பேச வேண்டியிருக்கிறது. உள்ளூரார் வீடின்றி அலையும் ஊரில், தாம் வாழப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் ஒரு வீட்டை வாங்குவது அநீதி. கேட்ட விலையை முழுமையாகக் கொடுத்து வாங்கினாலும் அது அநீதியே.

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்திலுள்ள பழமையான அல்ஃபாமாப் பகுதியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒதுங்க வேண்டிய சந்துகள், ஓடு பதித்த சுவர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் துணி உலரும் கொடிகள். ஜூன் 12-ஆம் தேதி, அந்தோணியார் திருநாளுக்கு முந்திய இரவில், வாசலிலேயே கரியடுப்பு மூட்டி மத்தி மீன் சுட்டு, வழியில் போகிறவர்க்கும் கொடுத்து உண்பது அங்கத்திய மரபு. 2012-இல் பழைய வாடகைக் குடிகளுக்கு இருந்த பாதுகாப்பைத் தளர்த்திய சட்டம் வந்தது. அதே ஆண்டில் வீடு வாங்கும் அந்நியருக்கு வதிவுரிமையும் வந்தது. 2014-இல் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுவதற்குத் தனி விதிகள் வந்தன. அதன் பிறகு அந்த வாசல்களில் புதிதாக ஒரு பொருள் முளைத்தது: கதவோரம் திருகி வைத்த, உள்ளங்கை அளவான இரும்புப் பெட்டி. குறித்த எண்களைத் திருப்பினால் அது திறக்கும். உள்ளே சாவி இருக்கும். வரவேற்க ஒருவர் வேண்டாம், வழியனுப்பவும் ஒருவர் வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நகரத்துக்கு அப்பால் போய்விட்ட முதியவர்கள் அடுப்பு மூட்டிய இடத்தில் அந்தப் பெட்டி தொங்குகிறது. விற்றவருக்குப் பணம் கிடைத்தது, வாங்கியவருக்கு வீடு கிடைத்தது. வெளியேறியவர்களோ அந்தப் பேரத்தில் ஒரு கட்சியாகவே எண்ணப்படவில்லை. 2023-இல் போர்ச்சுகல் அரசு வீட்டுக் கிரயத்துக்கான அந்த வதிவுரிமையை ரத்துச் செய்தது. போனவர்கள் அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

செருப்புக்கு அணிவது, பண்டமாற்றுக்கு உதவுவது என இரண்டு பிரயோஜனங்கள் உண்டென்றும், முன்னதே அதற்கு இயல்பானதென்றும் அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். காலுக்கென்று பிறந்த செருப்பைப் பற்றியே அப்பெரியார் அவ்வளவு கவலைப்பட்டிருக்க, மனிதர் பிறந்து மணந்து மூத்து மறைவதற்கென்று எழுந்த வீட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்! வேறு எவருக்கும் இடமில்லாதபடி வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா தீர்க்கதரிசி இரங்கினார். நாடக அரங்கில் முந்தி வந்து அமர்ந்தவன் பிந்தி வருகிறவர்களை உள்ளே விடாமல் தடுப்பதற்கே செல்வனின் செய்கையை ஒப்பிட்டார், நான்காம் நூற்றாண்டின் பேசில் முனிவர். இன்றைய விடுமுறை இல்லத்தின் உடைமையாளரோ இருக்கையைப் பிடித்துக்கொண்டு, நாடகம் பார்க்கவும் வராமல், அதன் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

விற்கிறவர் மனமொத்து விற்கும்போது குற்றம் எங்கே என்று கேட்கப்படும். 1795-இல் சமாதானத்தைப் பற்றி எழுதிய கான்ட், அந்நியனுக்கு எந்த மண்ணிலும் பகைவனாக நடத்தப்படாமல் வந்து காணும் உரிமை உண்டென்றும், அங்கே தங்கி உறையும் உரிமைக்கு அவ்வூராரின் தனி இசைவு வேண்டுமென்றும் பிரித்துக் காட்டினார். விற்கிறவரின் கையெழுத்து ஒரு மனிதரின் இசைவு; தெருவின் இசைவு ஆகாது. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தமதேபோல் பேண வேண்டுமென்று வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்த விதியை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் இபிஸாத் தீவில் விடுதிகளில் உழைக்கிற தொழிலாளர், கூலி பெற்றும் வாடகை எட்டாமல் வண்டிகளிலும் கூடாரங்களிலும் உறங்குகிறார்கள். அத்தீவில் விலை ஏறும் என்று நம்பி வீடு வாங்குகிறவரின் லாபம், அவர்களுக்கு எட்டாத அந்த உயரத்திலிருந்தே வருகிறது. பிறர் பொருளைத் தமதாகப் பேணுவது இதுவா?

சொத்துரிமை மதிக்கத்தக்கது என்பதையும், அந்நியப் பணத்தால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஜனங்கள் வெளியேறிப் பாழடைந்த சிசிலிக் கிராமங்களில், ஒரு யூரோவுக்குக் கிடைத்த இடிந்த வீட்டைச் செப்பனிட்டு விளக்கேற்றுகிறவர் நன்மையே செய்கிறார். ஆனால் பெரும் பணம் பாழூரைத் தேடிப் போவதில்லை. வாழும் ஊரைத்தான் தேடி வருகிறது.

தங்கள் ஊர் வெறுமையாவதைக் கண்டு குடிமக்களே அணை போட்டதும் உண்டு. ஆளில்லாத இல்லங்களைக் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்று வழங்கும் சுவிட்சர்லாந்தில், எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் இருபது சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று 2012 மார்ச்சில் ஜனங்கள் வாக்களித்தார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடலோர ஊரில், புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே உரியது என்ற விதியை 2016-இல் வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். இவர்கள் விருந்தினரை வெறுப்பவர்கள் அல்லர்; விருந்தை உபசரிப்பதற்கே ஊரில் ஆள் வேண்டும் என்று அறிந்தவர்கள்.

நம்மவரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். ஒருவர் ஓராண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடங்கொடுக்கிறது. அப்பணத்தில் வீடு வாங்கவும் தடையில்லை. நாளை ஒரு தரகர் நீலக்கடலும் வெள்ளைச் சுவரும் கொண்ட படத்தை உங்கள் முன் விரித்தால், வாடகை எவ்வளவு வரும் என்று கேட்குமுன், இந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால், கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.