சிரிப்பும் அனுமதியும்

சினிமா பார்ப்பது எப்படி என்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. அது எப்படிப் போயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பள்ளியில் நான் ஆசிரியன். என் வகுப்பில் 11 பேர். எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள். காகித உறை ஒட்டுவது, மெழுகுவர்த்தி வார்ப்பது, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணிக் கொடுப்பது இவைதான் பாடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜன்னல்களில் போர்வையை மாட்டிவிட்டுச் சுவரில் படம் போடுவோம்.

ஆரம்பத்தில் படங்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் கேட்டதோ புதுப் படம். வியாபார சினிமாவின் விளம்பரம் இவர்களையும் விட்டுவைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டேன். விஷயம் அதுவல்ல என்று தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. வீட்டில் தம்பி பேசுவது புதுப் படத்தைப் பற்றி. பஸ் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் அதுதான் பேச்சு. புதுப் படம் ஒன்றைப் பார்த்தவன் அந்த ஒரு வாரம் ஊரோடு இருக்கிறான். அதைப் பார்க்காதவன் வெளியே நிற்கிறான். தியேட்டருக்கு இவர்களை அழைத்துப்போகிற வீடுகள் குறைவு. சத்தம் போடுவான், எழுந்து நடப்பாள், முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்குப் பயந்தே பெற்றோர்கள் போவதை நிறுத்திக்கொள்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு தியேட்டர்களுக்கு வெளியிட்ட நெறிமுறைகள் பார்வையிலும் செவியிலும் குறைபாடு உள்ளவர்களுக்கானவை. எழுந்து நடக்கிறவர்கள் அவற்றுக்குள் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, புதுப் படம் எதுவும் கிடைக்காததால், பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யைப் (1982) போட்டேன். கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். நினைவு திரும்பிவிட்ட பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. முன்பு அவளோடு ஆடிய குரங்காட்டத்தைத் தலையில் பானையை வைத்துக்கொண்டு அவன் மழையில் ஆடிக் காட்டுகிறான். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழ்நாடு அழுதுகொண்டிருக்கும் இடம் அது. என் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

இவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் என் முதல் எண்ணம். அன்று இரவு அது அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. அவன் அங்கே ஆடுவது ஒரு சிரிப்பை மீட்பதற்காக. குழந்தை மனத்தோடு இருந்த அந்தப் பழைய பெண் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாள். ரயிலில் இருப்பவளுக்கு எட்டாத செய்தி என் வகுப்பை எட்டிவிட்டது. அழுத நாம் கதையைப் பின்தொடர்ந்தோம். அவர்கள் அந்த ஆட்டத்துக்குப் பதில் சொன்னார்கள். இதில் எது ரசனை, எது ரசனைக் குறைவு என்று அளக்க என்னிடம் இருந்த கோல் அன்றே கொஞ்சம் வளைந்துவிட்டது.

ஆனாலும் நான் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அடுத்து நடந்தது சாட்சி.

அது ஒரு புதுப் படம். பெயர் முக்கியமில்லை, அதே காட்சி வேறு எத்தனையோ படங்களில் உண்டு. கதாநாயகனின் நண்பன் திக்கித் திக்கிப் பேசுகிறான். அவன் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறொரு அசிங்கமான வார்த்தையாக அதை முடித்துவைக்கிறார்கள். வகுப்பு சிரித்தது. எல்லோரிலும் உரக்கச் சிரித்தவன் ஒரு பையன். எங்கள் வகுப்பில் திக்கிப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. படத்தை நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன். ஒருவருடைய குறையைப் பார்த்துச் சிரிப்பது ஏன் கூடாது என்று பத்து நிமிஷம் பேசினேன். நான் பேசியதில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. முடித்தபோது அவன் கேட்டான். கேட்டு முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் சிரிச்சது தப்பா சார்?"

உன்னைச் சொல்லவில்லை என்றேன். அது பொய். அவனைத்தான் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றைக் கவனித்தேன். ஒரு வேடிக்கையான இடம் வந்ததும் அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்தேன். பிறகு அவன் சிரித்தான். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தியேட்டரில் திரும்பிப் பார்க்கிற அந்த முன்வரிசைக்காரனிடமிருந்து இவர்களைக் காப்பாற்றத்தானே ஜன்னலில் போர்வை மாட்டினேன்? அந்த மனிதன் உள்ளேயே இருந்திருக்கிறான்.

'ஆங்க் மிச்சோலி' (2023) என்ற இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்புச் சொன்னது. குறையுள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, குறையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்களைக் கலைக்கும் நகைச்சுவை வேறு என்று தீர்ப்பு பிரித்தது. படம் எடுப்பவர்களுக்கு அவசியமான பிரிவினை அது. நான் நிறுத்திய காட்சி எந்தப் பக்கம் விழும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பு பேசுவது காட்சியைப் பற்றி. எனக்கு முன்னால் இருந்தது ஒரு சிரிப்பு. தன்னைப் போலப் பேசுகிற ஒருவனை முதல் தடவையாகத் திரையில் பார்த்த சந்தோஷமா? தன்னைக் கேலி செய்தவர்கள் பக்கம் ஒரு நிமிஷம் போய் உட்கார்ந்துகொண்ட நிம்மதியா? வெறுமே அந்த அசிங்கமான வார்த்தையா? கேட்டிருக்கலாம். தெரிந்துகொள்வதற்குள் நிறுத்திவிட்டேன்.

மோசமான படத்தில்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. தமிழ்ப் பட இயக்குநரான ஆர். எஸ். பிரசன்னா இந்தியில் எடுத்த 'சித்தாரே ஜமீன் பர்' (2025), ஸ்பானிஷ் படமான 'காம்பியோனெஸ்' (2018) படத்தின் மறு ஆக்கம். அதில் கூடைப்பந்து ஆடும் பத்துப் பேரும் உண்மையிலேயே இவர்களைப் போன்றவர்கள். பெரிய எதிர்பார்ப்போடு போட்டேன். படம் முழுவதும் நான் திரையைப் பார்க்கவில்லை. இவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்று இவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே படம் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அடுத்த வாரம் சண்டைப் படம் போடுவீங்களா?"

நண்பர்களோடு படம் பார்க்கப் போகிறோம். மட்டமான காட்சிக்கு நண்பன் சிரிக்கிறான். நாம் எழுந்து போய் ப்ரொஜக்டரை நிறுத்துவதில்லை. படம் விட்டு நடந்து வருகிற வழியில் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டைதான் அவனைச் சமமாக நினைப்பதன் அடையாளம். காப்பாற்றப்படுகிறவனோடு யாரும் சண்டை போடுவதில்லை. நான் அந்தப் பையனுக்கு மறுத்தது ஒரு காட்சியை அல்ல, என்னோடு மாறுபடுகிற வாய்ப்பை. இதற்காக, கேவலமான காட்சியைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போதும் சொல்கிறேன், படம் முடிந்த பிறகு, பன்னும் டீயும் வந்த பிறகு. சிலர் ஆமாம் என்கிறார்கள். சிலர், நல்லாத்தான் இருந்துச்சு என்கிறார்கள். அவன் மட்டும் எப்போதும் ஆமாம் என்கிறான்.

இப்போது நான் கடைசி வரிசையில், அவர்களுக்குப் பின்னால், கதவோரமாக உட்காருகிறேன். அங்கே வெளிச்சம் விழாது. வேடிக்கையான இடம் வரும்போது அவன் இன்னும் திரும்பிப் பார்க்கிறான். இருட்டில் என் முகம் தெரியாமல் கொஞ்ச நேரம் தேடுகிறான். அதற்குள் அந்த இடம் போய்விடுகிறது.