ஒரே ஒரு விருப்பம்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். வசதி உள்ளவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்கொக் என்று திட்டம் போடுவார்கள். கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே சிலருக்குக் கிடைப்பது ஒரு பகல்; பட்டியலிலோ பத்துப் பதினைந்து இடங்கள். இறங்குவதும் படம் எடுப்பதும் ஏறுவதுமாகவே பொழுது போய்விடும். எதையும் மனம் நிறையப் பார்த்திருக்க மாட்டோம்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு நம் புத்தளத்துக் கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1344ஆம் ஆண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு, காற்றின் போக்கில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது இங்கே யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி. மன்னர் அவரை அன்போடு வரவேற்று, முத்துகளைப் பரிசளித்து, வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்கச் சொன்னார். பொன் கேட்டிருக்கலாம், யானை கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பாவா ஆதம் மலை என்றும் சிவனொளிபாதம் என்றும் நாம் சொல்லும் அந்த மலைக்குப் போய், உச்சியிலுள்ள பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும்.

மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் ஆட்கள் 10 பேர், உணவுப் பொருள் சுமக்க 15 பேர் என்று கூட அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணிக்கு வழிகாட்டிகள் யோகிகளும் பிராமணர்களும்! விருப்பம் ஒன்றாக இருந்ததால் போன வழியெல்லாம் அவர் கண்ணில் பட்டது. சிலாபத்தைப் பற்றியும் எழுதினார், காட்டைப் பற்றியும் எழுதினார். ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு கழித்தும் அதை நாம் படிக்கிறோம்.

சிங்கப்பூரில் ஒரு பகல் கிடைத்தவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து நின்று பாருங்கள். சவுத் பிரிட்ஜ் வீதிக்குப் போங்கள். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1819இல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கியது அது. அதே வீதியில், சில அடி நடந்தால், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆப் பள்ளிவாசல். அங்கிருந்து சற்று நடந்தால் தெலுக் ஆயர் வீதி. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டிய தர்கா, கடல் தெய்வத்துக்குச் சீனர்கள் எழுப்பிய கோயில், தமிழ் முஸ்லிம்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த பள்ளிவாசல் மூன்றும் அந்த ஒரே வீதியில்தான். அந்த நாளில் கடல் அந்த வீதியைத் தொட்டுக் கிடந்தது. கப்பலில் வந்து உயிரோடு கரையேறியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்கள் இவை. கடலை நம்பி வாழும் நமக்கு அந்த நன்றியின் ஆழம் யாரும் சொல்லாமலே விளங்கும். ஆனால் நின்று பார்த்தால்தான் விளங்கும்.

வெளிநாடு போக வசதியில்லையே என்று யாரும் மனம் சோர வேண்டாம். கற்பிட்டிக் கோட்டை, தலவில அன்னம்மாள் ஆலயம், முன்னேஸ்வரம், நம் உப்பளங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். இவற்றில் ஒன்றை ஒரு முழு நாள் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருந்தினர் யாராவது நம் ஊருக்கு வந்தால், நாம் காட்ட விரும்புவதை அடுக்க வேண்டாம். அவர் எதைக் காண ஏங்கி வந்தார் என்று கேளுங்கள். அது நம் வணக்கத்தலமாக இல்லாவிட்டாலும் கூடவே போய்க் காட்டுங்கள். 1344இல் இந்த மண்ணில் ஒரு மன்னர் செய்ததை இன்று நாம் ஒவ்வொருவரும் செய்யலாம். அதற்குப் பல்லக்குத் தேவையில்லை, நேரம் ஒதுக்கும் மனம் போதும்.